காணாமல் போன இருநூறு நியூட்டன்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார், உங்கள் எடை என்ன?

இல்லை, இல்லை, உடம்பைக் குறை சொல்லவில்லை. நல்ல உடம்பு. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். மற்றவர்கள் பெயர் கேட்பார்கள், எந்த ஊர் என்பார்கள். பெயரையும் ஊரையும் வைத்துக்கொண்டு ஒரு வண்டியை நகர்த்த முடியுமா? சரியாகச் சொன்னால் நிறை என்ன என்றுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் யாருக்கும் புரிவதில்லை, அதனால் எடை என்கிறேன். எழுபத்திரண்டா? நல்லது. பையைச் சேர்த்தா, சேர்க்காமலா?

பையை ஏன் இப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஓ, திருமாங்கல்யமா! எங்கள் ஊர்ப் பத்தரிடம் செய்ததா? மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா நீங்கள்! மற்றவர்கள் எல்லாம் நேற்றே மண்டபத்துக்குப் போய்விட்டார்களா? முகூர்த்தம் ஒன்பதுக்குத்தானே? கவலையே வேண்டாம். மணி ஏழேகால்கூட ஆகவில்லை. டவுனுக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அதோ, டிரைவருக்குப் பக்கத்தில் ஒற்றை சீட்டு தெரிகிறதா? கால் நீட்டலாம், முகத்தில் காற்று வரும், ரோடு முழுக்கத் தெரியும். அதில் உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பாருங்கள். மெதுவாகப் பாருங்கள், திரும்பிவிடும். பெயர் பவுனம்மா. இரண்டு காலுக்கும் பக்கத்தில் மூடி போட்ட எவர்சில்வர் அண்டா இரண்டு இருக்கின்றனவே, அதில் இட்லி மாவு. டவுனில் பஸ் ஸ்டாண்டு ஓரமாக இட்லிக்கடை போட்டிருக்கிறார்.

அந்த சீட்டு என்னுடையது. ஊரே சேர்ந்து எனக்குக் கொடுத்த சீட்டு. இன்றைக்கு நான் நடு சீட்டில், சக்கரத்துக்கு மேலே, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து வருகிறேன். நியாயமா என்று நீங்களே கடைசியில் சொல்லுங்கள்.

என் பெயர் வைத்தியலிங்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். டவுனில் வைத்தி சார் என்றால் தெரியும். இப்போது வேறு பெயரும் சொல்வார்கள், அதை விடுங்கள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் இந்த வண்டியின் செல்ஃப் செத்துப்போனது. செல்ஃப் என்றால் தெரியும்தானே? சாவியைத் திருப்பியதும் எஞ்ஜினை முதல் சுற்று சுற்றிவிடுகிற மோட்டார். அது போய்விட்டால் எஞ்ஜினைச் சக்கரம்தான் சுற்றிவிட வேண்டும். சக்கரத்தை யார் சுற்றுவது? நாம்தான் இறங்கித் தள்ள வேண்டும்.

மற்ற ஊரிலெல்லாம் வண்டியை ஒரு மேட்டில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டி விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கம் மேட்டுக்கு எங்கே போவது? வயலும் வாய்க்காலுமாகத் தட்டையாகக் கிடக்கிற பூமி. எங்கள் கருவேலங்குடியில் மேடு என்று ஒன்று இருந்தால் அது டீக்கடையைத் தாண்டிப் போட்டிருக்கிற வேகத்தடைதான். அதுவும் வழியை மறிக்கிற மேடு. வண்டி நிற்கிற இடத்துக்கும் அந்த வேகத்தடைக்கும் நடுவில் பத்து மீட்டர். அந்தப் பத்து மீட்டருக்குள் வண்டி வேகம் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வேகத்தடையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். திரும்பப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் எப்படித் தள்ளினார்கள் தெரியுமா? வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் திபுதிபுவென்று இறங்குவார்கள். ஒருவர் ஏணியைப் பிடித்துத் தள்ளுவார். ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். பின்னால் நிற்கிறவருக்கு வண்டியே எட்டாது, முன்னால் இருக்கிறவர் முதுகைத் தள்ளுவார். ஒரே கூச்சல். வண்டி கிளம்பிவிடும். கிளம்பியது என்னவோ உண்மை. ஆனால் எப்படிக் கிளம்பியது? கணக்கில்லாமல் கிளம்பியது! என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஒருநாள் சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தேன். வண்டியின் பின்பக்கத் தகரத்தில் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன், எளிதுதான்.

ஒரு தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருந்தால் ஒரு கையால் தள்ளலாம். மூட்டை ஏற்றினால் முதுகு வளையும். அது நிறை செய்கிற வேலை. அதே வண்டியை ஆற அமரக் கிளப்புவது ஒன்று. மழை வந்துவிட்டது என்று சட்டென்று ஓட்டமாகக் கிளப்புவது வேறு. அதற்கு அதிகம் மூச்சுப் பிடிக்க வேண்டும். வேகம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதற்குப் பெயர் முடுக்கம். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் எவ்வளவு விசை வேண்டும் என்று வந்துவிடும். அவ்வளவுதான் சார் விஷயம்.

இந்த வண்டி நாலாயிரத்து எண்ணூறு கிலோ. பக்கவாட்டில் பெயின்டில் எழுதியே இருக்கும். தள்ளுகிறவர்கள் போக உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இருபது பேர், ஆளுக்கு அறுபது கிலோ, ஆயிரத்து இருநூறு. ஆக ஆறாயிரம். வேகத்தடைக்கு முன்னால் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகம் வந்துவிட்டால் போதும், டிரைவர் சேவியர் செகண்ட் கியரில் கிளட்சை விடுவார், எஞ்ஜின் பிடித்துக்கொள்ளும். பத்து மீட்டர் தூரத்தில் அந்த வேகம் வர வேண்டும் என்றால் பத்து விநாடி ஆகும். விநாடிக்குப் புள்ளி இரண்டு வீதம் வேகம் ஏற வேண்டும். ஆறாயிரத்தைப் புள்ளி இரண்டால் பெருக்குங்கள். ஆயிரத்து இருநூறு நியூட்டன். சக்கரம் உருளத் தரை கொடுக்கிற தடைக்கு ஓர் அறுநூறு. மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. ஓர் ஆள் ஓடிக்கொண்டே இருநூறு நியூட்டன் தள்ளுவான். இருபது கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிக்கிற பலம், அதிகமில்லை. ஆயிரத்து எண்ணூறை இருநூறால் வகுத்தால்?

ஒன்பது! ஒன்பதே ஆட்கள்!

தங்கையன் என்று ஒரு கொத்தனார், டவுனுக்கு வேலைக்கு வருகிறவர், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒம்போது பேரு போதுங்கிறீங்களா சார்? அப்ப பாக்கிப் பேரு?" என்றார்.

"பாக்கிப் பேர் உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம்" என்றேன்.

அவ்வளவுதான். உள்ளே உட்காரலாம் என்று கேட்ட இருபது பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார்கள். "சார் இங்க வாங்க, காத்து வர்ற எடத்துல ஒக்காருங்க" என்று அந்த ஒற்றை சீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அன்றையிலிருந்து அது என் சீட்டு.

ஒன்பது பேரை நானே பொறுக்கினேன். நல்ல தோள், நல்ல கால் பார்த்துத் தங்கையனோடு எட்டுப் பேர். என்னைச் சேர்த்து ஒன்பது. ஒவ்வொருவருக்கும் எங்கே கை வைக்க வேண்டும் என்று சாக்குக்கட்டியால் வட்டம் போட்டேன். வேகத்தடைக்கு முன்னால் ரோட்டில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நான் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மறு கையில் கடிகாரம். வண்டி கோட்டைத் தொட்டதும் குடையைக் கீழே இறக்குவேன், சேவியர் கிளட்சை விட வேண்டும். கொஞ்சம் முன்னால் இறக்கினாலும் போச்சு, பின்னால் இறக்கினாலும் போச்சு. அதனால்தான் அந்த வேலையை யாரிடமும் விடாமல் நானே எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் தள்ளினோம். வண்டி நகர்ந்தது. கோட்டைத் தொட்டது. குடையை இறக்கினேன். எஞ்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"கிட்ட வந்துருச்சு சார், இன்னும் ஒரு இத்தினூண்டு வேகம் வேணும்" என்றார் சேவியர்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நாங்கள் ஒருமுறை தள்ளுவோம், வண்டி இருமும், அப்புறம் எல்லாரும் முனகிக்கொண்டே இறங்கிக் கும்பலாகத் தள்ளுவார்கள், கிளம்பிவிடும். அதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அது முரட்டுப் பலம்.

நான் விடவில்லை. பத்து விநாடியில் வர வேண்டிய வண்டி பதினொன்றில் வருகிறது. அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். எவ்வளவு விசை குறைகிறது தெரியுமா? இருநூறு நியூட்டன்! தினமும் அதே இருநூறு! ஒரு முழு ஆளின் பலம் சார்! அது எங்கே போகிறது? ஒன்பது பேர் கொடுக்கிற விசையில் ஒரு ஆளுடையது காணாமல் போகிறது என்றால், நடுவில் யாரோ திருடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

முதலில் செருப்பைச் சந்தேகப்பட்டேன். வழுக்குகிறதோ என்று எட்டுப் பேரையும் வெறுங்காலோடு தள்ளச் சொன்னேன். என் செருப்பு புதுசு, வழுக்காது. பலனில்லை. டயரில் காற்று குறைந்திருந்தால் தடை அதிகமாகும். கண்டக்டரை விரட்டிக் காற்றுப் பிடிக்க வைத்தேன். அப்போதும் பதினொரு விநாடி. ஒருவேளை ஒரே சமயத்தில் தள்ளவில்லையோ, ஆளுக்கொரு நேரத்தில் தள்ளுகிறார்களோ என்று தோன்றியது. தாளத்துக்கு ஐலசா போடச் சொன்னேன். தங்கையனுக்கு நல்ல குரல். பாட்டுக் கட்டுவார்.

"குடையப் பாரு – ஐலசா
கோட்டப் பாரு – ஐலசா
வண்டி நிக்குது – ஐலசா
சாரும் நிக்குறாரு – ஐலசா"

கடைசி வரி தாளத்துக்குக் கொஞ்சம் இடிக்கிறது, கவனித்தீர்களா? "சாரும்" என்று தொடங்காமல் வேறு ஏதாவது போடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அந்த வரிதான் சார் எங்களுக்குத் தெம்பு" என்றார். சரி, தெம்பாக இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் ஆட்களையே சோதித்தேன். எங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் எடை பார்க்கும் மிஷினைக் கேட்டு வாங்கி வந்தேன். டீக்கடைச் சுவரில் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக வந்து கையால் அமுக்கச் சொன்னேன். ஒருவர்கூட இருபதுக்குக் கீழே போகவில்லை. தங்கையன் முப்பத்திரண்டு வரை கொண்டுபோனார். எட்டுப் பேரும் சுத்தம். அப்புறம் தங்கையன் சொல்கிறார், "சார், மிஷினை நான் புடிக்கிறேன், நீங்களும் ஒருவாட்டி அமுக்கிப் பாருங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதானே? அளக்கிறவனையே அளப்பார்களா?

தள்ளுகிறவர்களிடம் குறையில்லை என்றால் மிச்சம் என்ன? நிறை. உள்ளே பார்த்தேன். பவுனம்மா!

ஆளுக்கு அறுபது கிலோ என்று நான் போட்டிருக்கிறேன். அந்தம்மா தொண்ணூறுக்குக் குறையாது. அண்டா ஒவ்வொன்றும் பதினைந்து. ஆக நூற்றிருபது. கணக்குப் போட்டால் அந்தம்மா ஒருவருக்காக மட்டும் நாங்கள் முப்பத்தாறு நியூட்டன் தள்ளுகிறோம்! என்ன, வெறும் முப்பத்தாறுதானா என்கிறீர்களா? இருநூறில் அது எந்த மூலைக்கு என்கிறீர்களா? அறிவியலில் 'வெறும்' என்று ஒன்று கிடையாது சார். திருடன் அகப்பட்ட பிறகு எவ்வளவு எடுத்தான் என்று பேரம் பேசக் கூடாது.

நேரே போய்க் கேட்டேன். "அம்மா, வண்டி கிளம்புகிற வரைக்கும் கொஞ்சம் இறங்கி நில்லுங்கள். உங்களால் முப்பத்தாறு நியூட்டன் கூடுகிறது."

"நானும் ரெண்டு அண்டாவுந்தான் ஏறுனோம் சாரு. வேற எதையும் நான் ஏத்தல" என்றார்.

"அண்டாவையும் இறக்க வேண்டும்."

"எறக்கி? ரோட்டுல வெச்சா நாய் மூடியத் தள்ளும். இங்கயே வெச்சுட்டு நான் மட்டும் எறங்குனா, வண்டி ஒரு வெட்டு வெட்டுச்சுன்னா மாவு பூரா தரையில. நூறு பேரு திங்கிற மாவு. புடிச்சுக்க ஆளு வேணாமா?"

எனக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, நீங்கள் சொல்வதற்குப் பெயர் நிலைமம்! வண்டி சட்டென்று முன்னால் போகும், மாவு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், அதனால்தான் பின்பக்கமாகச் சிந்துகிறது. மிகச் சரியாகச் சொன்னீர்கள்!" என்று பாராட்டினேன்.

"காலையில வந்து வாயக் கெளறாத சாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாராட்டினால் சிலருக்குப் பிடிப்பதில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் வண்டி முதலாளி கலியபெருமாள் மொபெட்டில் வந்து இறங்கினார். எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு செல்ஃப் மாட்டுங்கள், செல்ஃப் மாட்டுங்கள் என்றார்கள். அவர் என்னைக் காட்டி, "முப்பது பேரு ஒரு தள்ளுல கிளப்பிக்கிட்டிருந்தீங்க. இந்தச் சார் வந்தாரு, கணக்குப் போட்டாரு, இப்ப தெனம் ரெண்டு தள்ளு தள்ளுறீங்க. எனக்கு எதுக்கு செல்ஃப் செலவு? முதல்ல சாரை மாத்துங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் கணக்கு தவறாது" என்றேன்.

"தவறாதா? சரி. நாளைக்குக் காலையில நானே வந்து நிக்கிறேன். மூணு தடவ தள்ளலாம். ஒம்போது பேரு தள்ளி வண்டி கிளம்பிருச்சுன்னா மறுநாளே செல்ஃப் மாட்டுறேன். ஒம்போதுக்கு மேல ஒரு கை பட்டாலும் செல்லாது. கிளம்பலைன்னா அடுத்த ஐப்பசி வரைக்கும் எவனும் செல்ஃப்னு வாயத் தொறக்கக் கூடாது."

சார், ஒரு வருஷம் தள்ளுவது என்றால் சும்மாவா? தங்கையனுக்கு அப்போதே இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. பவுனம்மாவுக்குக் கடை திறக்கத் தினமும் தாமதம். எனக்கோ, பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடும், நான் வராவிட்டால் எதிர் வரிசையில் இன்னொரு டியூஷன் இருக்கிறது, அப்படியே நைசாகத் தாண்டிப் போய்விடும். ஊருடைய கஷ்டம் முழுக்க என் கணக்கின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலை. வண்டியில் வராதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டையைப் புதிதாக இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஒன்பது பேரும் அவரவர் இடத்தில் நின்றோம். எட்டுப் பேர் வட்டத்தில் கை வைத்தார்கள். நான் கோட்டுக்குப் பக்கத்தில் குடையைத் தூக்கினேன்.

முதல் தடவை, எஞ்ஜின் இருமிவிட்டு நின்றது. வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டாவது தடவை. அதே இருமல். கலியபெருமாள் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

தங்கையன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "சார், எங்க எட்டுப் பேருக்கும் நாக்குத் தள்ளிருச்சு சார்."

"ஒன்பது பேர்" என்று திருத்தினேன். களைப்பில் எண்ணிக்கை தவறுவது இயற்கை.

அப்போதுதான் உள்ளேயிருந்து பவுனம்மா குரல். "இப்புடியே நின்னா என் மாவு புளிச்சுப் போவும்." ஒவ்வொரு படியாக, தானே இறங்கி வந்தார், இரண்டு அண்டாவோடும். நேராக என்னிடம் வந்தார்.

"சாரு, நீ சும்மாத்தானே நிக்கிற? புடி இத."

இரண்டு கையிலும் இரண்டு அண்டா. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ஆனாலும் என் மனசு துள்ளியது. ஏன் தெரியுமா? வண்டியிலிருந்து நூற்றிருபது கிலோ இறங்கிவிட்டது! நான் எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

இறங்கிய அந்தம்மா ஓரமாக நின்றிருக்கலாம். கூட்டத்தில் நிற்க இடம் இல்லையோ என்னவோ, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் தகரத்தின்மேல் வைத்துக்கொண்டார். வயசானவர் இல்லையா, நிற்பதற்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

கலியபெருமாள் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "ஏய், பவுனம்மா கை வெச்சிருக்கு! ஒம்போதுக்கு மேல போயிருச்சு, செல்லாது!"

"எண்ணிப் பாருங்க மொதலாளி" என்றார் தங்கையன்.

கலியபெருமாள் வந்து ஒவ்வொரு முதுகாகத் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு என்று போய், பவுனம்மாவிடம் வந்ததும் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "ஒம்போதுதான்" என்றார், குரலே இல்லாமல்.

நீங்களே சொல்லுங்கள் சார். என்னைச் சேர்த்து ஏற்கெனவே ஒன்பது. பவுனம்மா ஒன்று. பத்து! மூன்று வண்டிக்கு முதலாளி, பத்தை ஒன்பது என்று எண்ணுகிறார். அதுவும் இரண்டு தடவை எண்ணி! திருத்திவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஊர் நன்மையை நினைத்து விழுங்கிவிட்டேன். என் வாழ்நாளில் கணக்கில் நான் செய்த ஒரே சமரசம் அதுதான்.

மூன்றாவது தடவை. "ஐலசா!" வண்டி நகர்ந்தது. குடை கையில் இல்லை, அதனால் "இப்போது!" என்று கத்தினேன். சேவியர் கிளட்சை விட்டார். ஒரு வெட்டு, ஒரு புகை, அப்புறம் டடடடவென்று எஞ்ஜின்! வேகத்தடையில் ஏறிக் குதித்துப் போய்க்கொண்டே இருக்கிறது வண்டி!

பார்த்தீர்களா? நிறை குறைந்தது, முடுக்கம் கூடியது. அதே விசை! இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமே, அதனால் சேவியர் நிறுத்தவில்லை. தள்ளினவர்கள் அப்படியே ஓடிப்போய் ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டார்கள். பவுனம்மாவை நாலு பேர் கை கொடுத்து உள்ளே இழுத்தார்கள். எல்லாரும் கை தட்டிக்கொண்டு போகிறார்கள். நானும் கை தட்டியிருப்பேன். கையில் அண்டா இருந்தது.

வண்டி வளைவில் திரும்பிய பிறகுதான் விஷயம் எனக்கு எட்டியது. ரோட்டில் நான். முப்பது கிலோ மாவு. கலியபெருமாள் மொபெட்டை மிதித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அத்தனை நேரமும் கடுகடுவென்று இருந்த மனுஷன், விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வண்டி பத்து மணிக்கு. அன்றைக்கென்று நல்ல வெயில். ஒன்பது மணிக்கு மூடி தானாக மேலே எழும்ப ஆரம்பித்தது. அமுக்கினேன். ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்புகிறது. வண்டி வந்து, ஏறி, டவுனில் இறங்கும்போது என் வெள்ளைச் சட்டை எது, மாவு எது என்று சொல்ல முடியாது. ஸ்கூல் இன்டர்வெல்லில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்த டியூஷன் பிள்ளைகள் பார்த்துவிட்டன. அன்றையிலிருந்து நான் டவுனில் மாவு சார். முன்னே சொன்னேனே, வேறு பெயரும் சொல்வார்கள் என்று? அது.

பவுனம்மா கடையில் அன்றைக்கு இட்லி இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சட்டியில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாவை வைத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அந்தம்மா சொன்னது: "ஓடியாந்து ஏறியிருக்கக் கூடாதா சாரு? அண்டா கனக்குதுன்னா ஒண்ணையாவது தூக்கிக் குடுத்திருக்கக் கூடாதா?"

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை? ஒரு நன்றி? கிடையாது.

கலியபெருமாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளே செல்ஃப் மாட்டினார். பழைய இரும்புக்கடையில் எடுத்தது என்று சேவியர் சொல்கிறார். எதுவாக இருந்தால் என்ன, என் கணக்கு வாங்கித் தந்த செல்ஃப். ஆனால் மறுநாள் நான் ஏறினால், என் சீட்டில் யார்? பவுனம்மா! இரண்டு அண்டாவையும் கால்மாட்டில் வைத்துக்கொண்டு!

"சேவியர், இது என்ன?" என்றேன்.

"எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க சார். அக்கா எறங்குனப்புறந்தானே வண்டி கிளம்புச்சு?"

இதைத்தானே சார் நானும் சொன்னேன்! அந்தம்மா இறங்கினால் கிளம்பும் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்! தடையாக இருந்தவர் தடையை விலக்கிக்கொண்டதற்கு முன் சீட்டு. தடையைக் கண்டுபிடித்தவனுக்குச் சக்கரத்து மேல் சீட்டு. நூற்றிருபது கிலோவை முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இந்த ஒரு வருஷமாகச் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடுகிறது. யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. சாக்குக்கட்டி சட்டைப்பையில் அப்படியே கிடக்கிறது, பாருங்கள்.

ஏன் நின்றுவிட்டோம்? ஓ, வாத்து மந்தை. ஒன்றுமில்லை, இந்தப் பக்கம் இது வழக்கம்தான். அறுவடை முடிந்த வயலில் மேய விட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். கடைசி வாத்து போகிற வரை நிற்க வேண்டியதுதான். சேவியர் எஞ்ஜினை அணைத்துவிட்டார். நின்றால் அணைத்துவிட வேண்டும் என்பது கலியபெருமாள் உத்தரவு. டீசல் மிச்சம்.

போய்விட்டது, எல்லாம் போய்விட்டது. இனி கிளம்ப வேண்டியதுதான்.

கேட்டீர்களா அந்தச் சத்தத்தை? டிக்... டிக்... மறுபடி. டிக்.

சார்! செல்ஃப் போய்விட்டது!

பதறாதீர்கள், மணி ஏழரைதான் ஆகிறது. அதோ கண்டக்டர் எல்லாரையும் இறங்கச் சொல்கிறான். எல்லாரும் எதற்கு? யோவ் தம்பி, நில், கும்பலாக இறங்காதே! ஒன்பது பேர் போதும்! உட்காருங்கள், உட்காருங்கள், நான் கணக்குப் போட்டுவிட்டேன்!

தங்கையன், வாங்க. அவர் ஒன்று. பின் சீட்டில் இருக்கிற இரண்டு பையன்களும். மூன்று. அந்த மீசைக்காரர், அவர் தம்பி, கண்டக்டர், பச்சைச் சட்டை. ஏழு. இன்னும் ஒரு நல்ல ஆள் வேண்டும். சார், நீங்கள் எழுபத்திரண்டு என்றீர்கள் இல்லையா? அருமை. எட்டு. என்னோடு சேர்த்து ஒன்பது. கச்சிதம்!

செருப்பைக் கழற்றிவிடுங்கள். இதோ இந்த வட்டத்தில் கை வையுங்கள். நான் அந்த மைல்கல் பக்கத்தில் குடையோடு நிற்பேன்.

பையை வைத்துக்கொண்டு எப்படித் தள்ளுவீர்கள்? இப்படிக் கொடுங்கள். தாலி இருக்கிற பையாயிற்றே, நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

அதோ, பவுனம்மாவும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து இறங்கி வருகிறது. எடை இறங்குகிறது சார், எடை இறங்குகிறது! இனி கிளம்பிவிடும், சந்தேகமே இல்லை.

கிளம்பினதும் திரும்பிப் பார்க்காமல் ஓடி ஏறிக்கொள்ளுங்கள். பையோடு நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன்.